சுடுகாட்டு மேல அறுபத்திரெண்டு பொட்டு

அந்த பெஞ்சு வேணாம் தம்பி, இங்கிட்டு வாங்க. அதுல ரெண்டு மணிக்கு மேல வெயில் திரும்பிரும். இதுல மூணரை வரைக்கும் நெழல் அசையாது. ஒரு மாசமா உக்காந்து பாத்தவன் சொல்றேன், வாங்க.

யாரு தவறுனது? பெரியப்பாவா? வயசு? எம்பத்தி மூணுன்னா கல்யாணச் சாவுதான். அஸ்திக்குக் காத்திருக்கீங்களாக்கும். இப்பல்லாம் கேஸுல எரிக்கிறதால கையோட குடுத்துர்றாங்க, ஒண்ணரை மணி நேரம் ஆகும். அது வரைக்கும் பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு வேணும்ல.

நானா? நான் யாரு சாவுக்கும் வரல. அந்தக் கடைசி பெஞ்சுல சேலைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருக்கால்ல, பயந்துராதீங்க, உசுரோடதான் இருக்கா. எம் பொண்டாட்டி இந்திராணி. நாங்க ரெண்டு பேரும் தெனம் பன்னெண்டு மணிக்கு வருவோம், நாலு மணிக்குப் போவோம். சிரிக்காதீங்க தம்பி. எதுக்குன்னு சொல்றேன். சொல்றதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டு உக்கார வச்சதே.

மேல பாருங்க. எவ்வளவு ஒசரமான கூரை. மேல வெள்ளை ஓடு, ரெண்டு பக்கமும் காத்து ஓடுறதுக்கு இடுக்கு விட்டிருக்காய்ங்க. சுத்திப் புங்கங்கன்னு. தண்ணித் தொட்டி. எங்க வார்டுலயே குளுந்த எடம் எதுன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் சுடுகாட்டத்தான் காட்டும். உசுரோட இருக்கறவன் வேகுறான், செத்தவனுக்கு மாளிகை. யாரு கட்டுனது? கார்ப்பரேசன். ஏன் கட்டுனாய்ங்க? அங்கதான் இருக்கு விசயம்.

எம் பேரு சோலையப்பன். முப்பத்தொரு வருசம் ரேசன் கடையில எடையாளரா இருந்தேன். தராசுக்குப் பின்னாடி நின்னவன் தம்பி நான். கவர்மெண்டுச் சாமான் மேலருந்து கீழ வர்றப்ப எங்கெங்க ஒழுகும்னு எனக்குத் தெரியும். லிஸ்டுல ஒரு பேரு எப்படி ஏறும், எப்படி எறங்கும்னும் தெரியும். அதனால எங்க தெருவுக்குள்ள எவன் நோட்டும் பேனாவுமா வந்தாலும் மொத ஆளா நான் போயி நிப்பேன். நீங்க யாரு, யாரு அனுப்புனது, எதுக்கு எழுதுறீங்க? இந்த மூணு கேள்விதான். அவன் பதில் சொன்னாலும் நம்ப மாட்டேன், அது வேற. போலியோ சொட்டு மருந்துக்கு வந்த பிள்ளைய அரைமணி நேரம் நிறுத்தி வச்சிருக்கேன்.

போன வருசம் சித்திரையில ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். தலையில தொப்பி, கழுத்துல அட்டை. கார்ப்பரேசன்ல பருவநிலைத் திட்டம்னு ஒண்ணு போட்டு, அதுக்கு ஆளெடுத்திருக்காங்களாம். என்னம்மா திட்டம்னேன். உலகம் பூரா சூடாகுதாம். எல்லா நாடும் எங்கயோ கூடிப் பேசிக் கையெழுத்துப் போட்டிருக்காம். அது டெல்லிக்கு வந்து, டெல்லியிலருந்து மெட்ராசுக்கு வந்து, மெட்ராசுலருந்து ஊரூருக்குப் போயி, எங்க கார்ப்பரேசன்ல எறங்கி, இப்ப எங்க வார்டுக்கு வந்திருச்சாம். எந்தக் கூரைக்கு வெள்ளை அடிக்கிறது, எங்க மரம் வைக்கிறது, எங்க பந்தல் போடுறதுன்னு சனங்களே சொல்லணுமாம். சனங்களே!

என்னைக்குத் தம்பி சனத்தக் கேட்டிருக்காய்ங்க? மெனக்கெட்டு வந்து கேக்குறான்னா எடுக்கப் போறான்னு அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

சும்மா சொல்லல. எங்க தெருவுக்குப் பின்னாடி வாய்க்கா. அதோட கரையில முன்ன நாப்பது வீடு இருந்துச்சு. ஒருநாள் ரெண்டு பேரு வந்து சொவத்துல செவப்பு பெயிண்ட்டுல நம்பர் போட்டாய்ங்க. எதுக்குய்யான்னா கணக்கெடுப்புன்னாய்ங்க. சனமும் காப்பித்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்புச்சு. ஆறாம் மாசம் மண்ணள்ளுற மிசின் வந்து நின்னுச்சு. அத்தனை பேரையும் இருவத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாய்ங்க. எங்கூட ஒண்ணாப்புப் படிச்சவன் ஒருத்தன் அதுல போனான். அங்கருந்து வேலைக்கு வர பஸ் மாறி மாறி வந்தே ஆளு உருக்குலைஞ்சு போனான். எங்க தெரு அறுபத்திரெண்டு வீட்டுக்கும் பட்டா கெடையாது. இப்ப சொல்லுங்க, நான் சந்தேகப்பட்டது தப்பா?

அந்தப் பொண்ணு கையில துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. கூரையப் பாத்து நீட்டுனா எவ்வளவு சூடுன்னு நம்பர் வருமாம். வியாழக்கிழமை மத்தியானம் வந்து எல்லாக் கூரையையும் அளப்போம், ஞாயித்துக்கிழமை சமுதாயக் கூடத்துல கூட்டம்னு சொல்லிட்டுப் போயிருச்சு. எங்க தெருவுல அம்புட்டும் சிமெண்ட்டு ஷீட்டு. சித்திரை மத்தியானத்துல உள்ள இருந்தா இட்லிச் சட்டிக்குள்ள இருக்கற மாதிரிதான். அளந்தா நம்பர் ஏறத்தான் செய்யும். நம்பர் ஏறுனா லிஸ்டு. லிஸ்டு வந்தா மிசின்.

முப்பத்தொரு வருசம் அளந்தவன்ட்ட அளக்க வர்றியான்னு நெனச்சுக்கிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் வீடு வீடாப் போனேன். நாளைக்குக் காலையில குழாயில தண்ணி வர்ற நாளு, எல்லாரும் வீட்டுக்குப் பத்துக் கொடம் கூடப் பிடிச்சு வைங்க, கோணிச்சாக்க நனைச்சுக் கூரையில போடுங்க, அவ வர்றதுக்கு முன்னாடி உருவிருங்கன்னு சொன்னேன். ஒரு வீடு பாக்கி இல்லாம செஞ்சாங்க தம்பி. அந்தப் பொண்ணு வந்து ஒவ்வொரு கூரையா நீட்டி நீட்டிப் பாக்குது, நம்பரே ஏற மாட்டேங்குது. கருவியத் தட்டிப் பாக்குது, வெயில்ல வச்சுப் பாக்குது, திரும்பவும் நீட்டுது. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

அன்னைக்கு மத்தியானம் இந்திராணி வீட்டுக்குள்ள பாயப் போட்டு மூணு மணி நேரம் தூங்குனா. எந்திரிச்சு, "ஏங்க, இன்னைக்கு நம்ம வீடு எம்புட்டுக் குளுமையா இருக்கு பாத்தீங்களா? இப்படியே இருந்தா என்ன?"ன்னு கேட்டா. வாய மூடுடின்னேன். அவளுக்கு இந்த வெவரமெல்லாம் புரியாது, வெள்ளந்தி.

ஞாயித்துக்கிழமை கூட்டம். தரையில பெரிய மேப்பு விரிச்சிருந்தாங்க, வார்டு பூராவும் அதுல இருக்கு. வீட்டுக்கு ஒரு செவப்புப் பொட்டு, பொம்பளைங்க நெத்தியில ஒட்டுற ஸ்டிக்கர் பொட்டு மாதிரியேதான். எந்த எடத்துல வெயில் தாங்க முடியலயோ அங்க ஒட்டணுமாம். செவப்பு! எனக்கு அந்த வாய்க்காக் கரைச் சொவரு கண்ணுல வந்துட்டுப் போச்சு.

ஒட்ட மாட்டோம்னு சொல்லியிருக்கலாம். ஆனா ஒரு தெருவே ஒட்டலன்னா இவய்ங்க எதையோ மறைக்கிறாய்ங்கன்னு நெனைப்பாங்க. ஒரு மனுசனுக்குச் சந்தேகம் எப்படி வரும்னு எனக்குத் தெரியாதா? வேற தெரு மேல ஒட்டுனா அந்தத் தெருக்காரன் சண்டைக்கு வருவான். கோயில் மேல ஒட்டுனா சாமி குத்தம். அதனால முன்னாடியே யோசிச்சு முடிவு பண்ணி வச்சிருந்தேன். சுடுகாடு. அங்க இருக்கறவன எவன் வந்து காலி பண்ணச் சொல்லுவான்? எதுத்த வீட்டு பால்ச்சாமி, ஆட்டோ ஓட்டுறவன், இதக் கேட்டதும் என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். "மாமா, நீ கலெக்டரா இருக்க வேண்டிய ஆளு"ன்னான்.

வரிசையாப் போயி ஒட்டுனோம். அறுபத்திரெண்டு வீடு, அறுபத்திரெண்டு பொட்டு, அம்புட்டும் சுடுகாட்டு மேல. எடம் பத்தாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. ஜெசிந்தா முழிக்குது. "எல்லாருமே இங்கதானாங்கய்யா?"ன்னு கேட்டுச்சு. "ஆமாம்மா, சாவுக்கு வர்ற சனம் வெயில்ல நின்னு தவிக்குது, எங்களுக்கு மனசு கேக்கல"ன்னேன். அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிருச்சு தம்பி. "உங்க வீட்டப் பத்தி நெனைக்காம இதச் சொல்றீங்களே"ன்னு எங்கிட்டக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நடிப்புத்தான்னு நெனச்சேன்.

இந்திராணி மட்டும் லேட்டு பண்ணுனா. பொட்ட வெரல் நுனியில வச்சுக்கிட்டு மேப்புல எங்க தெருவத் தேடி, அதுக்கு நேரா வெரலக் கொண்டு போயிட்டா. நான் ஒரு இருமல் இருமுனேன். நிமிந்து என்னப் பாத்தா. நகந்து போயி சுடுகாட்டுல ஒட்டிட்டு வந்து உக்காந்துட்டா.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். சொன்னதச் செஞ்சுட்டாய்ங்க.

ஆமாங்கறேன்! எந்தக் கவர்மெண்டு தம்பி சொன்னதச் செஞ்சிருக்கு? ரோடு கேட்டோம், எத்தனை மனு, வந்துச்சா? வெளக்குக் கேட்டோம், வந்துச்சா? சுடுகாட்டுக்கு நெழல்னு ஒரே ஒரு தடவ வெளையாட்டுக்குச் சொன்னோம், பத்தே மாசத்துல கட்டி முடிச்சுட்டாய்ங்க. சொன்னத அப்படியே செய்யுறான்னா அதுல உள்குத்து இருக்கா இல்லையா? எங்களப் பழிவாங்கணும்னே செஞ்சது. எங்க வாயாலயே எங்களக் கெடுத்துட்டாய்ங்க.

பக்கத்துல கம்மாக்கரைத் தெரு. அந்த சனம் வெவரமில்லாம அவுக அவுக வீட்டு மேலயே பொட்ட ஒட்டுச்சு. அங்க எல்லாக் கூரைக்கும் வெள்ளை அடிச்சுக் குடுத்துட்டாங்க. தெரு முக்குல வேப்பங்கன்னு, பந்தலு. வீட்டுக்குள்ள முன்ன மாதிரி வேக்காடு இல்லன்னு சொல்றாய்ங்க. யாரையும் காலி பண்ணலயான்னு கேக்குறீங்களா? இன்னும் பண்ணல. இன்னும்னுதான் சொல்றேன். பொறுங்க, அவசரப்படாதீங்க.

சரி, எங்கதைக்கு வர்றேன். இந்த வருசம் பங்குனிக் கடைசியிலயே வெயில் மண்டையப் பொளந்துச்சு. ஒருநாள் மத்தியானம் சோறு வடிச்சுக்கிட்டிருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. ஒடம்பு அனலாக் கொதிக்குது, வேர்வை இல்ல, பேச்சு கொழறுது. பால்ச்சாமி ஆட்டோவுலதான் தூக்கிட்டுப் போனோம். மூணு நாள் பெரியாஸ்பத்திரியில கெடந்தா. டாக்டரம்மா சொன்னாங்க, "இன்னொரு தடவ இப்படி வந்தா நான் கேரண்டி குடுக்க மாட்டேன். மத்தியானம் பன்னெண்டுலருந்து நாலு வரைக்கும் குளுந்த எடத்துல வச்சுக்கங்க"ன்னு. பிள்ளைகுட்டி இல்லாதவங்க நாங்க. எனக்கு அவ, அவளுக்கு நான், அம்புட்டுத்தான்.

அவ தங்கச்சி கம்மாக்கரைத் தெருவுலதான் இருக்கா. வெள்ளை அடிச்ச வீடு. "அக்காவ இங்க கொண்டாந்து விடுங்க மாமா"ன்னு வந்து அழுதா. நான் விடல. ஏன்னா அங்க இருக்கறப்ப எவனாவது கணக்கெடுக்க வந்து இவ பேரையும் அந்த வீட்டுல எழுதிட்டான்னா? நாளைக்கு இங்க எங்க வீட்டுல ஒரு ஆளு கொறைஞ்சிரும். இதெல்லாம் நாந்தான் யோசிக்கணும், வேற யாரு யோசிப்பா?

வேற எங்க போறது? அதான் இங்க. மொத நாள் தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு. சாவுக்கே பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர மாட்டாங்க எங்க பக்கம். இவ பூவும் பொட்டுமா, ஒரு காரியமும் இல்லாம, தெனம் போறா. இப்ப வீட்டுலயே பூவ எடுத்து மாடத்துல வச்சுட்டு வருவா. நாலு மணிக்குப் போனதும் தலைக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள கால் வைப்பா. ரெண்டு பேருக்கும் நாலு கொடம் தண்ணி. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. ஒருநாளும் அவ என்ன ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னாலாவது சண்டை போடலாம்.

போன செவ்வாக்கெழம அந்த ஜெசிந்தா இங்க வந்துச்சு. இந்த எடத்த எத்தனை பேரு பயன்படுத்துறாங்கன்னு எண்ண வந்துச்சாம். பாத்தீங்களா, எண்ணிக்கிட்டேதான் இருக்காங்க. எங்களப் பாத்துட்டு, "யாருங்கய்யா இறந்தது?"ன்னுச்சு. தூரத்துச் சொந்தம்மான்னு சொல்லி வச்சேன். வெளிய எந்தப் பொணமும் இல்ல, எரிமேடை பூட்டிக் கெடக்கு. அந்தப் பொண்ணு பாவமா நிக்குது. அப்பத்தான் இவ எந்திரிச்சு உக்காந்தா.

"யாரும் சாகலம்மா. நான் சாகக் கூடாதுன்னுதான் வந்து உக்காந்திருக்கோம்"ன்னா.

தொடங்குனவ நிறுத்தல. சாக்கு நனைச்சது, பொட்டு ஒட்டுனது, ஆஸ்பத்திரி, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டா. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. அந்தப் பொண்ணு திட்டும்னு பாத்தேன், திட்டல. பையிலருந்து புது மேப்ப எடுத்து விரிச்சுச்சு. எங்க தெரு பச்சையா இருக்கு தம்பி. பளிச்சுன்னு பச்சை. என்னம்மா இதுன்னேன். "வெப்பப் பிரச்சினை இல்லாத பகுதிங்கய்யா. கருவியிலயும் கம்மி, நீங்களும் உங்க தெரு மேல ஒரு பொட்டுகூட ஒட்டல. ரெண்டாவது கட்டத்துல உங்க தெரு சேராது"ன்னுச்சு. இவ மேப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. "எங்க வீட்டுல வெயில் இல்லயாம்ங்க"ன்னா எங்கிட்ட.

மாத்த முடியாதாம்மான்னு கேட்டேன். கேட்டேன்னு என்ன, கெஞ்சுனேன். அந்தப் பொண்ணு மேலிடத்துல போன்ல பேசிட்டுச் சொன்னுச்சு: தெருவுல பாதி வீடு, அதாவது முப்பத்தொரு வீடு, 'முன்ன தப்பாச் சொல்லிட்டோம், எங்க கூரைய மறுபடி அளங்க'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், இந்த வருசமே சேத்துரலாம். இன்னைக்கு நாலு மணிக்குள்ள தரணும். இங்கயே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கு.

முப்பத்தொண்ணு என்ன, அறுபத்திரெண்டையும் வாங்கிர மாட்டேனான்னு போனேன். மொத வீடு பால்ச்சாமி. தாள வாங்கி முன்னப் பின்னத் திருப்பிப் பாத்தான். "மாமா, அன்னைக்கு நம்ம தெரு மேல ஒட்டாதேன்ன. இன்னைக்குக் கையெழுத்துப் போடுங்கற. நடுவுல உன்ன யாரு வந்து பாத்தாங்க?"ன்னு கேட்டான். யாரும் பாக்கலடான்னேன். "யாரு அனுப்புனது? எதுக்கு எழுதுற?" எங் கேள்விய எங்கிட்டயே கேக்குறான்! அடுத்த வீட்டுல கதவே தெறக்கல. அதுக்கு அடுத்த வீட்டுல, கார்ப்பரேசன்ல எனக்கு ஏதோ வேலை போட்டுக் குடுத்துட்டதாப் பேசிக்கிறாங்க. பாத்துப் பாத்து நான் காப்பாத்தி வச்ச தெரு தம்பி. இந்தச் சனத்துக்கு இம்புட்டுச் சந்தேகம் எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல.

ஆறு நாள் அலைஞ்சேன். எங்க வீட்டோட சேத்து நாலு கையெழுத்து. நாலே நாலு.

அதனால, தம்பி, ஒரு ஒத்தாசை. இந்தாங்க தாளு, பேனாவும் இருக்கு. நேத்தும் முந்தாநாளும் வந்த சாவுல பதினஞ்சு பேரு போட்டுக் குடுத்தாங்க, இன்னைக்கு உங்களுக்கு முன்ன வந்த சாவுல பதினொண்ணு. முப்பது ஆயிருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நீங்க நாப்பத்தி நாலாம் நம்பர் வீடுன்னு வச்சுக்கங்க, பேரு மட்டும் பால்ச்சாமின்னு எழுதிருங்க. பொய்யில்ல தம்பி. அவன் வீட்டுலயும் சூடுதான், அது உண்மைதான, கையெழுத்து மட்டுந்தான் வேற ஆளு. அந்தப் பொண்ணு வீடு வீடாப் போயிச் சரிபாக்காதான்னா, பாக்காது. அது எல்லாத்தையும் நம்பிரும். அன்னைக்குச் சுடுகாடுன்னு சொன்னதையே நம்புன பொண்ணு.

என்ன யோசிக்கிறீங்க? படிச்சுப் பாருங்க. நல்லாப் படிங்க. பின்னாடி ஒண்ணும் இல்ல, வெறுந்தாளு. எந்த ஊரு நீங்க? ஊரப் போட வேணாம். போன் நம்பரும் வேணாம். அங்க எதுக்குத் திரும்பிப் பாக்குறீங்க? ஆமா, கூப்பிடுறாங்க. அஸ்தி வந்திருச்சு போல. ஒரு நிமிசந்தான ஆகும் தம்பி, ஒரு நிமிசம்.

சரி. சரி, போங்க. பேனாவக் குடுங்க. கோவமெல்லாம் இல்ல. முன்னப்பின்னத் தெரியாத ஊருல, முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தன், சுடுகாட்டுல உக்காந்துக்கிட்டு அடுத்தவன் பேர்ல கையெழுத்துக் கேக்குறான். நானா இருந்தாலும் போட மாட்டேன். எங்க, எம் பொண்டாட்டிக்காக நீங்க கேட்டாக்கூட நான் போட்டிருக்க மாட்டேன் தம்பி.

அவகிட்ட நீட்டுனா போட்டுருவா. யாரு என்னன்னு கேக்க மாட்டா, படிச்சுக்கூடப் பாக்க மாட்டா. எந்த ஊரு, என்ன வேலை, நல்லவனா கெட்டவனான்னு ஒரு வார்த்தை விசாரிக்காம எனக்குக் கழுத்த நீட்டுனவ அவ.